தையல் ஷெட்டுக்கு முட்டு

ஜாக்கியின் கைப்பிடி அவ்வளவு லேசாகச் சுற்றியிருக்கக் கூடாது.

அது லாரிக்குப் போடுகிற பழைய ஸ்க்ரூ ஜாக்கி. தெருமுனை மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்த இரண்டில் ஒன்று. காலி வண்டியைத் தூக்கச் சொன்னாலே முக்கி முனகுகிற ரகம். இப்போது தையல் ஷெட்டின் முன்மூலையை, உள்ளே தையல் மிஷினும் இரும்பு பீரோவும் துணி மூட்டைகளும் அப்படியே இருக்க, சத்தமே காட்டாமல் மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. மச்சான் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மாமா? நேத்து கிரீஸ அள்ளி அப்புனேன்ல. இப்ப எப்படி வழுக்கிட்டுப் போகுது பாருங்க."

"ரொம்பப் பீத்திக்காத மாப்ள. கைப்பிடியப் பாத்து சுத்து," என்றான் அவன், அக்காவின் புருஷன்.

சொல்லிவிட்டானே தவிர, மனசு ஒப்பவில்லை. எடை விஷயத்தில் அவனை ஏமாற்றுவது கஷ்டம். ஆலைக்கு ஆலை கனத்த மெஷின்களை நகர்த்துகிற கோஷ்டியில் குரல் கொடுப்பவன் அவன்தான். தொண்டைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்; சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அவன் எதையும் தூக்க மாட்டான். தள்ளி நின்று எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு 'புடி' என்பான், 'ஏத்து' என்பான், 'நிறுத்து' என்பான். ஒரு சாமான் தரையை விட்டுக் கிளம்பும்போது மரம் எப்படி முனகும், சங்கிலி எப்படி இறுகும், ஆட்களின் மூச்சு எந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும் என்பதெல்லாம் அவன் காதுக்கு அத்துப்படி. இந்த ஷெட் கிளம்பியபோது அதில் ஒரு சத்தமும் வரவில்லை. ஓர் ஆணிகூடக் கிறீச்சிடவில்லை.

ஷெட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவனும் மச்சானும் சேர்ந்து கையால் அடித்துக் கட்டியது. இடித்த வீடுகளின் கதவுகள்தான் முக்கால்வாசிச் சுவர். ஜன்னல்கள் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு உயரத்தில் இருக்கும். ஒரு பக்கச் சுவர் முழுக்க, மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை. எழுத்தெல்லாம் உதிர்ந்தும் அதிலிருந்த பல்வரிசை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் மனைவி அதற்குள் உட்கார்ந்துதான் ஊருக்கே துணி தைக்கிறாள். போன மழைக்குத் தண்ணீர் அடிப்பலகை வரை ஏறி, தைத்து அடுக்கியிருந்த சீருடைகளில் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சாப்பிடாமல் படுத்தாள். அதற்கு மேல் அவனுக்குத் தாங்கவில்லை.

கட்டடம் தூக்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார்கள். "அதுக்கு ஷெட்டோட எங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுங்க" என்று மச்சான் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தான். அப்புறம் என்ன, இரவல் ஜாக்கி இரண்டு, ஓசியில் கிடைத்த மரத்துண்டுகள், மூலைக்கு வேண்டிய சிமெண்ட் கல் மட்டும் கணக்காக வாங்கியது. உபரியாக ஒரு கல் கிடையாது. சாமான்களைக் காலி செய்துவிட்டுத் தூக்கலாம் என்று அவன் சொன்னதற்கு, "பீரோவ வெளிய எடுத்தா திரும்ப உள்ள வைக்க நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றான் மச்சான். அதையும் சரி என்று விட்டாயிற்று.

மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ன வேணா பண்ணுங்க. அவன மட்டும் அடியில போக விடாதீங்க."

"நான் என்ன பச்சைப் புள்ளையாக்கா?" என்றான் மச்சான்.

"நீ சும்மா இரு. நான் அவர்கிட்ட பேசுறேன்," என்றாள். அவள் கண்கள் புருஷன் முகத்தை விட்டு நகரவில்லை. "சத்தியமா?"

"சத்தியமா. அடியில போற வேலைன்னா நான் போறேன்."

அக்கா, தம்பியின் அப்பா மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஜாக்கி சறுக்கிப் போனவர். அப்போது தம்பி நடக்கக்கூடப் பழகவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். கல்யாணத்தன்றே அவனிடம் சொல்லியிருக்கிறாள், 'எனக்கு மொதல்ல பொறந்தது அவன்தான்னு நெனச்சுக்கோங்க' என்று. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மூலை மூலையாக ஏற்றினார்கள். ஒரு மூலையைக் கொஞ்சம் தூக்கு, கல்லைக் கொடு, ஆப்பு வை, அடுத்த மூலைக்குப் போ. அப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, முழங்கால் உயரத்துக்கு ஷெட் எழும்பிவிட்டது. வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த வாடை ஷெட்டின் அடியிலிருந்து வீசியது. அதோடு இன்னொரு வாடையும் இருந்தது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. எங்கே முகர்ந்தது என்றுதான் பிடிபடவில்லை.

மச்சான் ரசமட்டத்தை வாசற்படியில் வைத்தான். குமிழி நேரே நடுவில் போய் நின்றது. பக்கவாட்டில் வைத்தான், அங்கேயும் நடு. பின்மூலையில் வைத்தான். அங்கேயும்.

"மாமா, இவ்வளவு மட்டமா நம்ம வீடே இல்ல!"

அவன் சிரிக்கவில்லை. இரவல் ஜாக்கியில், கண் திட்டத்தில், உடைந்த மரத்துண்டை ஆப்பு வைத்து ஏற்றிய எதுவும் அப்படி நிற்காது. ஒரு மூலையாவது இடக்குப் பண்ணும். அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்மூலைக்குப் போனான். பாரம் இறங்கிய ஆப்பைத் தட்டினால் 'ணங்' என்று இறுகிய சத்தம் வரும். அவன் தட்டவேயில்லை. விரல் பட்டதும் ஆப்பு கழன்று மண்ணில் விழுந்தது.

அடுத்த மூலை. அதுவும் கழன்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தான். கல்லையே கையால் அசைக்க முடிந்தது. மனைவியின் துண்டுத்துணி ஒன்றை எடுத்து அடிக்கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் விட்டான். துணி இந்தப் பக்கம் நுழைந்து, எங்கேயும் சிக்காமல், அந்தப் பக்கம் வந்தது.

ஷெட் கல்லின்மேல் இல்லை.

"நடுவுல ஏதோ முட்டுக்கொடுக்குது மாமா," என்றான் மச்சான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "மண்மேடு கிண்மேடு இருக்கும். இல்ல பழைய மரத்தோட வேர். அதுமேல தராசு மாதிரி நிக்குது. அதான் ஜாக்கியும் லேசாப் போயிருக்கு."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முழங்கால் உயரத்துக்கு ஷெட்டோடு சேர்ந்து வளர்கிற மண்மேடு ஏது?

அவன் கவிழ்ந்து படுத்து டார்ச்சை அடித்தான். ஈர மண். உதிர்ந்த ஆணிகள். ஒரு பழைய செருப்பு. வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்விட்டு, நடுவில் தரைப்பலகையின் குறுக்குக் கட்டைகள் கூடுகிற இடத்தில், ஒன்றும் காட்டாமல் நின்றுகொண்டது. அங்கிருந்து ஒரு வெப்பம் வந்து முகத்தில் பட்டது. வேகமில்லாமல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்த வாடையும் கூடவே வந்தது. இப்போது தெரிந்தது. வியர்வை. கோடையில் கோஷ்டி ஆட்கள் பாரத்தின் அடியில் நிற்கும்போது சட்டையிலிருந்து எழுகிற அதே வியர்வை நெடி.

அவன் எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"என்ன மாமா, பாம்பு கீம்பா?"

"ஒண்ணுமில்ல. நீ போயி தண்ணி குடி."

மச்சான் குழாயடிக்குப் போனான். ஜாக்கி இரண்டும் சும்மா கிடந்தன. அவன் முன்பக்க ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்துப் போட்டான். பிறகு அடுத்ததையும் இழுத்தான். ஷெட் இம்மியும் அசையவில்லை. வாசலின் அடிக்கட்டை அவன் முழங்காலுக்கு நேராக, காற்றில், அமைதியாக இருந்தது. அவனுக்குள் ஒரு எண்ணம் வந்தது. வந்த உடனே அதைத் துப்பிவிட நினைத்தான். முடியவில்லை. குழாயடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

மெல்லச் சொன்னான்.

"ஏத்து."

ஷெட் ஏறியது.

ஆட்கள் ஏற்றுகிற விதத்திலேயே ஏறியது. முதலில் ஒரு சின்னத் தயக்கம், பிறகு ஒரு மூச்சு, பிறகு சீராக மேலே. பல் ஆஸ்பத்திரியின் பல்வரிசை அவன் கண்ணுக்கு நேராக உயர்ந்தது.

"நிறுத்து," என்றான்.

நின்றது.

அவன் பின்னால் நகர்ந்து, தடுக்கி, மண்ணில் உட்கார்ந்தான். அந்த ஷெட்டைக் கொண்டுவந்து வைத்த நாள் தானாக நினைவுக்கு வந்தது. வீட்டுப் பின்பக்கம் வேலை செய்ய இடம் போதாமல் முன்வாசலில் வைத்துத்தான் அதை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். சுற்றி நின்று தூக்கினார்கள், அவன் குரல் கொடுத்தான். இந்த இடத்துக்கு வந்ததும் 'எறக்கு' என்றான். அதே நேரம் மழை கொட்டிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார்கள்.

'எறக்கு' என்றால் கையை விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. பாரம் தரையில் பட்ட பிறகும் விரல்கள் அடியில்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு அவன் 'கை எடு' என்று சொல்ல வேண்டும். அதுவரை யாரும் எடுக்கக் கூடாது. தலையில் இடியே விழுந்தாலும் எடுக்கக் கூடாது. கோஷ்டியில் சேருகிற எவனுக்கும் அவன் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அன்றைக்கு 'கை எடு' சொன்னானா? சொன்னதாக ஞாபகமே இல்லை. சொல்லாவிட்டால்தான் என்ன, எல்லோரும் ஓடிவிட்டார்களே.

எல்லோருமா?

யார் அவர்களோடு நின்று தூக்கியது என்று அவன் தலையை எண்ணிப் பார்க்கவில்லை. மழையில் முகமும் தெரியவில்லை.

இப்போது மழையின் முதல் துளிகள் ஷெட்டின் கூரைத் தகரத்தில் விழ ஆரம்பித்தன. மச்சானைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், நாளைக்குக் கோஷ்டி முழுவதையும் கூட்டி வந்து பட்டப்பகலில் ஒழுங்காக இறக்கி வைக்க வேண்டும். அந்த எண்ணமே கொஞ்சம் தெம்பாக இருந்தது. அவன் எழுந்து குழாயடிக்குப் போனான். அங்கே யாரும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் பார்த்தான், அங்கும் இல்லை. தார்ப்பாய் எடுக்க மாடிக்குப் போயிருப்பானோ என்று படியேறிப் பார்த்தான். தார்ப்பாய் மடித்தது மடித்தபடி கிடந்தது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஷெட்டின் பின்பக்க மூலைகளில் கல் இல்லை. உருவி எடுத்திருந்தது. நடுவில் முட்டுக்கொடுக்கக் கல் பற்றாதே, மூலையில் பாரம் தாங்காமல் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்து நடுவில் வைத்துவிடலாம் என்று மச்சான் யோசித்திருக்கிறான். நல்ல யோசனை. மழை வருவதற்குள், அக்கா வருவதற்குள், முடித்துவிடலாம் என்று யோசித்திருக்கிறான்.

மச்சானின் செருப்புகள் ஷெட்டின் ஓரத்தில் கழற்றிக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவனுடைய உள்ளங்கால்கள் இருளுக்குள் நகர்ந்து மறைந்தன.

அவன் எப்படிப் படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ஷெட்டின் அருகில் வந்து கத்த வாயைத் திறந்தான். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டான். எந்தச் சத்தத்தைக் கொடுப்பது? இந்தத் தொண்டையிலிருந்து வருவதை உள்ளே கேட்பது மச்சான் மட்டுமில்லையே.

மண்டியிட்டு, மூச்சுக்குரலில் கூப்பிட்டான்.

"மாப்ள. இருக்கியா?"

"இருக்கேன் மாமா." சாதாரணக் குரல். கொஞ்சம் தூரத்திலிருந்து, கொஞ்சம் சிரமத்தோடு.

அது முடிந்த கையோடு இன்னொன்று வந்தது. இன்னும் உள்ளேயிருந்து. கட்டைக்குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கேன்."

கோஷ்டியில் அவன் கேட்பான், 'இருக்கீங்களா?' அடியில் நிற்கிற ஒவ்வொருவனும் பதில் சொல்வான். அதுதான் வழக்கம்.

"மாப்ள," என்றான். "கல்லு கில்லு ஒண்ணும் வேணாம். அப்படியே திரும்பி வா. மெதுவா. சத்தம் போடாம வா."

"இருங்க மாமா, இன்னும் ஒரு கல்லுதான். இங்க மண்ணு சூடா இருக்கு. கைய வெச்சா கொதிக்குது... டார்ச்ச இப்படி அடிங்களேன். நடுவுல என்னமோ தூண் மாதிரி..."

பேச்சு நின்றது.

மழை வலுத்தது. தகரத்தின் இரைச்சலுக்கு அடியில் அவன் காது வேறொன்றைப் பிடித்தது. மூச்சு. வாய் வழியாக, சீழ்க்கை கலந்து, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. தாங்க முடியாமல் தாங்குகிறவனின் மூச்சு. ஜன்னல் கண்ணாடிகள் மெல்லக் கிணுகிணுத்தன. வாசற்படியில் மச்சான் விட்டுப்போன ரசமட்டம் ஆடியது. குமிழி இடமும் வலமும் ஓடியது.

ஷெட் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கத்தை அவன் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறான். முதலில் தொடை ஆடும். பிறகு முழங்கை. கண் செருகும். அதற்குப் பிறகு அவகாசம் இல்லை; எவ்வளவு பெரிய பலசாலியும் பாரத்தை விட்டுவிடுவான். பின்பக்கம் கல் இல்லை. ஜாக்கிகளை அவனே இழுத்து வெளியே போட்டிருக்கிறான். பீரோ, மிஷின், மூட்டைகள், கதவுகள், எல்லாம் மச்சானின் முதுகுக்கு மேலே.

சத்தியமா என்று கேட்டாள். சத்தியமா என்றான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. இப்படி ஒருத்தனுக்குத் தொடை ஆடினால் கோஷ்டியில் என்ன செய்வான்? ஒரே குரல்தான். 'ஆள் மாத்து.' கை ஓய்வாக இருக்கிறவன் உடனே உள்ளே புகுந்து தோள் கொடுப்பான். ஓய்ந்தவன் நழுவி வெளியே வருவான். பாரம் கீழே வராது. ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவன் சட்டென்று குனிந்து தோளை அடிக்கட்டையில் கொடுத்தான். உள்ளங்கைகளை மேலே திருப்பி விரல்களை அடியில் பதித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல்காரனே பாரத்துக்கு வருகிறான். வரட்டும். எத்தனை நாளானாலும் நிற்கலாம். அவள் தம்பி வெளியே வந்தால் போதும்.

முழுத்தொண்டையும் திறந்து கத்தினான்.

"ஆள் மாத்து!"

நடுக்கம் நின்றது.

அவன் தோளில் எடை இறங்கும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான். இறங்கவில்லை. அடிக்கட்டை அவன் தோளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. உள்ளே ஏதோ மண்ணில் புரண்டது. மச்சான் "ஹக்" என்றான், சட்டென்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டால் வருமே, அந்தச் சத்தம். பிறகு யாரோ நீளமாக, நிம்மதியாக, ஒரு பெருமூச்சு விட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிக்கும் சத்தம். பின்பக்கத்தில் எதுவோ ஊர்ந்து வெளியே போயிற்று. வேலித்தகரம் கடகடத்தது. மழைத்தண்ணீரில் வெறும் கால்கள் சளப் சளப்பென்று, அவசரமே இல்லாமல், நடந்து தேய்ந்தன.

கை ஓய்வாக இருந்தவர்களில் மச்சான்தான் பக்கத்தில் இருந்தான்.

அவன் டார்ச்சைத் தேடினான். மண்ணில் கை அளைந்தது. கிடைத்தது. அடித்தான்.

நடுவில். மண்டியிட்டு. முதுகு வளைந்து. தலைக்கு இடமில்லாமல் கழுத்து ஒரு பக்கமாக ஒடிந்த மாதிரி சாய்ந்து, கன்னம் பலகையில் அழுந்தி. இரண்டு உள்ளங்கைகளும் மேலே, குறுக்குக் கட்டையில். விரல்கள் கட்டைக்குள் பதிந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. தரைப்பலகையின் இடுக்கிலிருந்து சேற்றுத்தண்ணீர் அந்தக் கண்ணில் சொட்டியது. இமைக்கவில்லை.

"மாப்ள," என்றான்.

அவன் வாயையே மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். கோஷ்டி ஆட்கள் பார்ப்பது போல.

கேட் திறந்தது. குடையை உதறுகிற சத்தம்.

"என்னங்க! ஏத்தியாச்சா? அட, மட்டமா நிக்குதே!"

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் காலிப் பை. சேற்றில் குப்புறக் கிடக்கிற புருஷனைப் பார்த்ததும் இன்னும் சிரித்தாள். "மழையில என்ன, நீச்சலா? எழுந்திருங்க. தம்பி எங்க? வேலை முடிஞ்சதும் கடைப்பக்கம் ஓடிட்டானா?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். எதைச் சொன்னால் எது நடக்கும்? தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். மழையில், அந்தச் சந்தோஷத்தில், அவள் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றித் தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உயர்ந்துவிட்ட வாசற்படியில் கால் வைத்து, ஏறினாள்.

மேலே ஓர் அடி. பலகை வளைந்தது. மச்சானின் முழங்கைகள் அதே அளவு மடங்கின. மடங்கி, நிமிர்ந்தன.

இன்னோர் அடி.

"சொட்டு ஈரம் இல்லைங்க உள்ள," என்றாள் மேலிருந்து. அந்தக் குரலை அவன் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. "பாவம், ரெண்டு பேரும் என்னமா கஷ்டப்பட்டிருக்கீங்க. அவனுக்கு ஒரு நல்ல சட்டை தைக்கணும். துணி எடுத்து வெச்சு எவ்வளவு நாளாச்சு."

நாற்காலி இழுபட்டது. பெடலில் கால் விழுந்தது. தையல் மிஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது, பலகை முழுக்க அந்த அதிர்வு பரவியது.

அவன் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டான். மண்ணில் விழுந்து கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் மச்சானின் கண்கள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. தொடைகள் மெல்ல ஆடத் தொடங்கியிருந்தன.